சைவச் சாப்பாடு வழங்கப்படும்

வெள்ளிக்கிழமை ஆனால் ஜினேஷ் வேலைக்குச் சுற்றுவழியில்தான் போவான். செஞ்சிச் சந்தையில் அன்று ஆடுகள் வந்து இறங்கும். விடிவதற்கு முன்பே வேனும் லோடு ஆட்டோவுமாக ரோட்டை அடைத்துக்கொள்ளும். சமணர் வீட்டுப் பிள்ளை, அறுக்கப் போகிற ஆட்டைக் கண்ணால் பார்க்க மனம் ஒப்பவில்லை என்று கூட வேலை செய்கிறவர்கள் நினைத்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று அவனும் விட்டுவிட்டான். உண்மை வேறு. அந்த வாடை மூக்கில் ஏறினால் அவனுக்கு இரண்டு கையும் தானாக நடுங்கும். எங்காவது சாக்கடை ஓரமாகக் குந்தி வாந்தி எடுத்தால்தான் அடங்கும்.

வயது முப்பத்தொன்று. படித்தது பி.காம். பார்ப்பது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஒரு நெல் வியாபாரியிடம் மூட்டை எடை பார்க்கும் வேலை. அந்த இடத்தைக் கமிட்டி என்றால்தான் ஊரில் தெரியும். நடுவில் ஒரு வருஷம் வெளிநாட்டில் இருந்தான். ஏன் திரும்பி வந்துவிட்டாய் என்று கேட்டால் "கம்பெனிய மூடிட்டான்" என்பான். பச்சைப் பொய். கம்பெனி ஜாம் ஜாம் என்று நடக்கிறது.

அவனை அனுப்பி வைத்த புண்ணியவான் பெயர் பார்த்திபன். திருவண்ணாமலை ரோட்டில் மாடியில் ஓர் அறை, கண்ணாடிக் கதவு, விமானம் வரைந்த போர்டு. இந்த மாதிரி ஏஜெண்டுகளுக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. மற்றவன் எல்லாம் வாயால் பிழைத்தான். பார்த்திபனோ எந்த வீட்டில் எப்படி உட்கார வேண்டும் என்று படித்து வைத்துக்கொண்டு பிழைத்தான்.

ஜினேஷின் அப்பா நேமிநாதனைப் பார்க்க அவன் முதன்முதலில் வந்தது ஒரு சாயங்காலம். பேசிக்கொண்டிருக்கும்போதே வெயில் ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. இருட்டின பிறகு அந்த வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். ஆனாலும் வந்தவர் விருந்தாளி ஆயிற்றே என்று ஜினேஷின் தங்கை ரம்யா ஒரு தட்டில் உப்புமா கொண்டுவந்து வைத்தாள். தாய் இல்லாத வீடு. அடுப்படி அவள் பொறுப்பு. பார்த்திபன் ஜன்னல் வழியாக வெளியே ஒரு பார்வை பார்த்தான். தட்டை மெல்லத் தள்ளி வைத்தான்.

"வேணாங்க ஐயா. பொழுது எறங்கிடுச்சி. உங்க வூட்ல உக்காந்துகினு நான் மட்டும் சாப்டா நல்லாவா இருக்கும்?"

நேமிநாதன் அங்கேயே கவிழ்ந்துவிட்டார். சொந்தக்காரன்கூட இவ்வளவு பார்க்க மாட்டான் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார். வேலை என்னவென்றால் வளைகுடாவில் ஒரு பெரிய கம்பெனியில் காய்கறி பேக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசர். அதை ஒரே மூச்சில் கேட்டு முடித்துவிட்டு, அவர் தன் விசாரணையைத் தொடங்கினார்.

"வெங்காயம், பூண்டு இல்லாம கெடைக்குமா?"

"கெடைக்குங்க."

"மண்ணுக்குள்ள வெளையறது? உருளக்கெழங்கு, கேரட்டு?"

"வேணாம்னு சொல்லிட்டாப் போச்சிங்க."

"கறி வேகுற பாத்திரத்துலயே இவனுக்கும் பொங்குவாங்களோ?"

"தனிப் பாத்திரங்க ஐயா. அதுக்கு நான் கேரண்டி."

"பொழுதோட சாப்பாடு குடுத்துடணும்."

"அஞ்சு மணிக்கே குடுக்கச் சொல்லிடறங்க."

இப்படியே ஒரு வாரம் நடந்தது. கடைசியில் நேமிநாதன் ஒரு பிடி பிடித்தார். வாய்ச்சொல் போதாது, அக்ரிமெண்டில் எழுத்தாக வேண்டும். பார்த்திபன் கொஞ்சம் யோசிப்பது போல யோசித்துவிட்டு, ஐயாவுக்காகச் செய்கிறேன் என்று போனான். ஆங்கிலத்தில் அடித்த தாள் வந்தது. 'சைவச் சாப்பாடு வழங்கப்படும்' என்ற வரி அதில் தனியாக, தடித்த எழுத்தில் இருந்தது. நேமிநாதன் அந்த வரியின் மேல் விரலை வைத்து இரண்டு தரம் படித்தார். பேனாவைப் பிள்ளையிடம் நீட்டினார்.

அரிசியில் கல் பார்த்து, கீரையில் பூச்சி பார்த்து, கத்தரிக்காயைப் பிளந்து புழு பார்த்துச் சமைக்கிற வீடு அது. அந்த வீட்டில், இந்த ஆளுக்கு ஆள் அனுப்ப அரசாங்க லைசென்ஸ் இருக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எத்தனை மணி நேர வேலை, முதலாளி யார், பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும், அடித்திருப்பது வேலை விசாவா சுற்றிப் பார்க்கிற விசாவா, ஒன்றும் கேட்கவில்லை. பி.காம். படித்த ஜினேஷும் கேட்கவில்லை. அப்பா ஒரு வாரமாகக் கேட்ட கேள்வியிலேயே எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்தான். உலகத்தில் யார் வேண்டுமானாலும் ஏமாறலாம். இப்படி ஏமாற அந்த வீட்டாரால்தான் முடியும், பார்த்திபனுக்கும் அது தெரிந்திருந்தது.

போய் இறங்கிய அன்றே அடையாள அட்டை போட வேண்டும் என்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். அரபியில் ஒரு தாளை நீட்டினார்கள். இது என்ன என்று ஜினேஷ் கேட்டான். ஊரில் போட்ட அக்ரிமெண்டின் நகல்தான், சும்மா கையெழுத்துப் போடு என்றான் அங்கிருந்த ஆள். பின்னால் இன்னும் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். போட்டான். ஊரில் ஒரு வாரம் பேசிப் போட்ட அக்ரிமெண்ட் அந்த நிமிஷமே செத்துப்போனது.

மறுநாள் வேனில் ஏற்றிக்கொண்டு போய் விட்ட இடத்தில் காய்கறி ஒன்றுகூட இல்லை. கப்பலில் வந்து இறங்கும் ஆடுகளை அறுக்கிற கொட்டகை அது. அறுத்த தரையைக் குழாய் வைத்துக் கழுவ வேண்டும். குடலை வாரித் தொட்டியில் தள்ள வேண்டும். ரோமமும் கொழுப்பும் போய் அடைத்துக்கொண்டால் வடிகாலுக்குள் தோள்வரை கையை விட்டு இழுக்க வேண்டும். கட்டெறும்பைக்கூட ஊதித் தள்ளிவிட்டு உட்காரச் சொல்லி வளர்த்த பிள்ளை முட்டிவரை ரத்தத்தில் நின்றான். முதலில் அருகரையும் சித்தரையும் வணங்கும் பஞ்ச நமஸ்காரத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வேலை செய்து பார்த்தான். அந்த நாற்றத்தில் நின்று அந்தப் பெயர்களைச் சொல்வதே பாவம் என்று தோன்றியதும் அதையும் நிறுத்திவிட்டான்.

முடியாது, எனக்குச் சொன்ன வேலை இதில்லை என்று எதிர்த்தும் பார்த்தான். அக்ரிமெண்டைக் காட்டு என்றான் மேஸ்திரி. ஜினேஷ் ஆங்கிலத் தாளைக் காட்டினான். மேஸ்திரி அரபித் தாளைக் காட்டினான். கையெழுத்து இரண்டிலும் ஜினேஷுடையதுதான். ரொம்பப் பேசினால் வேலையை விட்டு ஓடிவிட்டான் என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிடுவோம் என்றான். பதினைந்து மணி நேர வேலை, பாதிச் சம்பளம், வார விடுப்பு கிடையாது.

ஆனால் ஒன்று, சைவச் சாப்பாடு வழங்கப்பட்டது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வெங்காயம் போடாத பருப்பு, சோறு, தயிர் என்று தனி டப்பாவில் தினம் வந்தது. கொட்டகைச் சுவரோரம் உட்கார்ந்து அவன் டப்பாவைத் திறக்கும்போது மேஸ்திரி செல்போனில் ஒரு படம் பிடிப்பான். டப்பா மட்டும் தெரிகிற மாதிரி வெட்டிய அந்தப் படம் பார்த்திபனுக்குப் போகும். பார்த்திபன் அதை நேமிநாதனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவான். நேமிநாதன் அதை ஜினாலயத்துக்கு எடுத்துப் போய் நாலு பேருக்குக் காட்டி, "பாத்தியா, சொன்னா சொன்னபடி" என்பார். அங்கே அந்தச் சோற்றில் உட்கார வந்த ஈ எங்கிருந்து எழுந்து வந்தது என்று இவர்கள் யாருக்கும் தெரியாது.

மலையாளி டிரைவர் ஒருவர் சொல்லித்தான் இந்தியத் தூதரகத்துக்கு ஓடினான். அங்கே விடுதியில் தங்க வைத்து, அவசரப் பயணத்துக்கு ஒரு தாள் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து மூன்று நாள் போனது. பிறகு அப்பாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னான். நேமிநாதன் முழுக்கக் கேட்டார். எழுந்து போய்க் கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். ஜினேஷ் அங்கிருந்து கொண்டுவந்த துணிகளைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார்.

"யார்கிட்டயும் சொல்லாதடா. ரம்யாவுக்கு ஒரு எடம் அமையணும்" என்றார்.

பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா, அடித்தார்களா, தூங்கினானா என்று ஒரு வார்த்தை இல்லை. ஜினேஷுக்கு அந்தக் கொட்டகையைவிட இந்தக் கிணற்றடிதான் அதிகமாக வலித்தது.

இடம் அமைந்தது. அனந்தபுரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் சமணக் குடும்பம். மாப்பிள்ளை தரணேந்திரன், டிப்ளமோ படித்தவன், சாது. நல்ல இடம்தான். நிச்சயம் முடிந்த கையோடு அவன் வெளிநாடு போகிறான் என்றார்கள். அனுப்புகிறவன் யார் என்று ஜினேஷ் கேட்டான். பார்த்திபன். என்ன வேலை என்று கேட்டான். காய்கறி பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர்.

"அப்பா, அவங்ககிட்ட சொல்லிடலாம்."

"அது வேற கம்பெனியா இருக்கும்."

"அதே கம்பெனிதாம்பா. பேரக் கேட்டேன்."

"சொல்லிட்டு? நீ இன்னா வேல செஞ்சன்னு அவங்க கேப்பாங்க. கேட்டதும் எழுந்து போயிடுவாங்க. உன் தங்கச்சிய யார்றா கட்டுவான் அப்புறம்?"

ஜினேஷ் இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தான். சொன்னால் தங்கை கல்யாணம் போகும். சொல்லாவிட்டால் தங்கைக்குப் புருஷனாகப் போகிறவன் அந்தக் கொட்டகைக்குப் போவான். எதைச் செய்தாலும் ரம்யா தலையில்தான் விடியும் என்று இருந்தது.

நிச்சயதார்த்தம் செஞ்சியிலேயே ஒரு சிறு மண்டபத்தில் வைத்தார்கள். பெண்ணின் அண்ணன் சம்பந்தி வீட்டாருக்குத் தன் கையால் பரிமாற வேண்டும் என்பது முறை. பொழுது சாய்வதற்குள் பந்தி முடிய வேண்டும் என்று எல்லோரும் அவசரப்பட்டார்கள். பார்த்திபன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான். இரண்டு வீட்டாரும் அவனை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்து உபசரித்தார்கள். அவன் கை கழுவப் பின்பக்கம் வந்தபோது ஜினேஷ் அங்கே சாம்பார் வாளியோடு நின்றான்.

"தரணேந்திரனையும் அங்கதான் அனுப்பறியா?"

"எங்க ஆளு வேணுமோ அங்கதான் அனுப்ப முடியும்."

"நான் சொல்லிடுவேன்."

பார்த்திபனுக்குக் கோபமே வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "சொல்லேன். உங்க ஆளுங்களையே நான் ஏன் தேடிப் புடிக்கிறேன்னு நெனச்ச? வேற எவனாச்சும்னா திரும்பி வந்ததும் என் ஆபீஸ் கண்ணாடிய ஒடைப்பான். கலெக்டராண்ட மனு குடுப்பான். நீங்க வாயே தொறக்க மாட்டீங்க. தொறந்தா உங்களுக்குத்தான் நாத்தம்."

இத்தனை காலம் அவன் சைவத்துக்குக் கொடுத்த மரியாதை எல்லாம் எதற்காக என்று அப்போதுதான் ஜினேஷுக்கு முழுதாக விளங்கியது. இவர்கள் எதற்கு அஞ்சுவார்கள், எதைச் சொல்ல நாக்கு வராது என்று கண்டுபிடித்து, அதிலேயே கட்டிப்போட்டிருக்கிறான். சீ என்று வந்தது. இப்படி ஒருவனோடு ஒரே குழாயடியில் நிற்கிறோமே என்று இருந்தது.

வாளியை எடுத்துக்கொண்டு பந்திக்குப் போனான். தரணேந்திரன் இலைக்கு முன்னால் நின்றான். சாம்பார் ஊற்றவில்லை. வாளியைத் தரையில் வைத்தான்.

"மாப்ள, நீ போற எடத்துல காய்கறி இல்ல. ஆடு அறுக்கற எடம். அறுத்த தரையத்தான் நான் கழுவனேன். கொடல வாரிப் போட்டேன். கம்பெனிய மூடல, நான்தான் ஓடியாந்தேன். எறங்கன அன்னிக்கே பாஸ்போர்ட்டப் புடுங்கிக்குவான். அரபில ஒரு பேப்பர் நீட்டுவான். அதுல கையெழுத்துப் போட்டா இங்க போட்டதெல்லாம் குப்பை. தெரிஞ்சேதான் அனுப்பறான், அதோ உக்காந்துகினு இருக்கறானே, அவன்."

பந்தி அப்படியே நின்றுபோனது. தரணேந்திரனின் தாய் பத்மாவதி அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இந்தக் கையாலயா இவ்ளோ நேரம் எங்களுக்குப் போட்ட?"

அவ்வளவுதான். இலைகள் தள்ளப்பட்டன. குழாயடியில் கூட்டம் சேர்ந்தது. ஒரு பெரியவர் தொண்டையில் விரலை விட்டு ஓங்கரித்தார். காலுக்குக் கீழே பார்த்துப் பார்த்து நடக்கிறவர்கள், ஒரு புழுவுக்கும் நோகக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறவர்கள், ஒரு மனிதனைத் தோள்வரை சாக்கடையில் முக்கி எடுத்தார்களே என்று பதறவில்லை. பார்த்திபனைப் பார்த்து ஒரே ஒரு ஆள்கூட ஒரே ஒரு கேள்வி கேட்கவில்லை. அவன் இலையில் பாயசம் இருந்தது. அதை வழித்துக் குடித்துவிட்டு நேமிநாதனிடம் வந்தான்.

"பையனுக்கு அங்க இருக்கும்போதே மனசு சரியில்லீங்க ஐயா. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன்."

நேமிநாதன் அவனை நிமிர்ந்து பார்த்தார். கிணற்றடியில் குளித்த மனிதர்தான். உதடு கோணியது. "எம்புள்ள பொய் சொல்லல. நான்தான் சொல்ல விடல" என்றார்.

அதற்குள் உள்ளறையிலிருந்து ரம்யா வந்தாள். பட்டுப்புடவையோடு, எழுந்து போனவர்கள் விட்ட வரிசையில் ஒரு புது இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "அண்ணா, எனக்குச் சோறு போடு. பொழுது எறங்கப் போவுது" என்றாள். ஜினேஷ் போட்டான். பருக்கை எல்லாம் இலைக்கு வெளியே சிதறியது. மண்டபமே பார்த்துக்கொண்டிருக்க, அவள் அவசரப்படாமல் பிசைந்து சாப்பிட்டாள். தரணேந்திரன் அவளைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், தாய் பின்னால் போய்விட்டான்.

மறுநாள் போனில் சம்பந்தம் முறிந்தது. ஜினேஷ் இனி மறைக்க ஒன்றுமில்லை என்று விழுப்புரம் போய்ப் போலீசில் புகார் கொடுத்தான். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் சென்னை அலுவலகத்துக்கும் எழுதினான். பார்த்திபனுக்கு லைசென்ஸே இல்லை என்று தெரிந்தது. பிடித்து உள்ளே போட்டார்களா என்றால், இல்லை. விசாரணை நடக்கிறதாம். அவன் போர்டைக் கழற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். விமானம் வரைந்த போர்டுக்கு எந்த ஊரிலும் ஆணி கிடைக்கும்.

ஆவணி வெயில் ஒரு நாள் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கமிட்டியில் ஜினேஷ் எடை பார்த்துக்கொண்டிருந்தான். மூட்டை தூக்கும் கன்னியப்பன் அப்போதுதான் ஒரு மூட்டையைத் தராசில் இறக்கிவிட்டு நின்றார். ஐந்தாறு வருஷமாகப் பழக்கம். வாடா போடா என்று பேசிக்கொள்ளாத குறை. அந்த நேரத்தில் தரணேந்திரன் வந்தான். சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினான்.

"விசா போடணும்னு பார்த்திபன் வாங்கி வச்சிருந்தது. போலீஸ்காரங்க கூப்டு கேட்டதுல குடுத்துட்டான் மச்சான். நான் போவல. நீ மட்டும் அன்னிக்கி சொல்லலன்னா..." கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை; உண்மையாகவேதான் சொன்னான்.

ஜினேஷுக்கு மனம் இளகிவிட்டது. "இனிமே அத யார் கையிலயும் குடுக்காத" என்றான். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, "வேத்துக் கொட்டுது பாரு. தண்ணி குடி" என்று கேனிலிருந்து ஒரு சொம்பு பிடித்து நீட்டினான்.

தரணேந்திரன் சொம்பைப் பார்த்தான். அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தான்.

"வேணாம் மச்சான். இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்."

சொல்லிவிட்டு வேகமாக வெளியே நடந்தான். கேட்டுக்கு எதிரில் இருந்த பெட்டிக்கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி, அங்கேயே அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து முடித்தான். ஜினேஷ் நீட்டிய சொம்போடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கன்னியப்பனும் பார்த்தார். தோளில் இருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சிரித்தார். கோபம் எல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"எங்க காலனித் தெருவுக்கு வர்றவங்களும் அப்டித்தான் தம்பி சொல்லுவாங்க, இப்பத்தான் குடிச்சேன்னு. பொங்கலுக்கு எங்க வூட்டுக்கு வந்தப்ப நீயும் அதத்தான் சொன்ன."